டூரின் நூலகத்து விவால்டி தாள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயலின் வகுப்பில் இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ஏ மைனர் கன்செர்ட்டோ (தனி வாத்தியமும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசை) வரை வந்துவிட்ட பிள்ளைகள் எல்லாரும் ஒருநாள் தாளின் மூலையில் விரலை வைத்து, "இந்த ஆர்.வி. 356ன்னா என்ன சார்?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு இத்தாலியில் டூரின் நகரத்து நூலகம் ஒன்றில் போய் நிற்கும். பிறகு பெற்றோர் கேட்பார்கள். வீட்டுக்குப் போய் இணையத்தில் படித்துவிட்டு மறுவாரம் வேறு சந்தேகத்தோடு வருவார்கள். பல வருடங்களாக ஒரே கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

டூரின்ல இருக்கிறது விவால்டி மியூசியமா சார்?

இல்லை. அது டூரின் தேசியப் பல்கலைக்கழக நூலகம், ஓர் அரசு நூலகம். அதன் கையெழுத்துப் பிரதிப் பிரிவில் விவால்டியின் இசை 27 கட்டுகளாக இருக்கிறது. 14 கட்டுகள் "ஃபோவா" தொகுப்பு, 13 கட்டுகள் "ஜொர்டானோ" தொகுப்பு. இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கதையிலேயே மனசைப் பிசைகிற இடம் அதுதான்.

அந்த ஊருக்கும் அவருக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. அவர் 1678இல் வெனிஸில் பிறந்தவர், 1741இல் வியன்னாவில் இறந்தவர். தாள்கள் டூரினுக்கு வந்தது 1927இலும் 1930இலும், இரண்டு தவணையாக.

உள்ள என்னதான் இருக்கு? எல்லாம் வயலின் பீஸா?

ஏறத்தாழ 450 படைப்புகள். அதில் 300க்கு அருகில் கன்செர்ட்டோக்கள். வயலினுக்கு நிறைய உண்டு, ஆனால் செல்லோ, புல்லாங்குழல், ஓபோ, மாண்டலின் என்று பல வாத்தியங்களுக்கும் உண்டு. பசூன் என்ற பெரிய, தாழ்ந்த குரல் ஊதுகருவிக்கு மட்டும் அவர் எழுதியதாக 39 கன்செர்ட்டோக்கள் கணக்கில் இருக்கின்றன. கிட்டத்தட்ட அவை அனைத்துமே இந்தக் கட்டுகளில்தான் பிழைத்திருக்கின்றன. டூரின் இல்லாவிட்டால் பசூன்காரர்கள் பாடு திண்டாட்டம்தான்.

மற்றவை ஓபரா என்ற பாட்டு நாடகங்களும் தேவாலய இசையும். கிறிஸ்துமஸ் காலத்தில் நம்மூர் கொயர்கள் பாடும் "குளோரியா" ஆர்.வி. 589 ஜொர்டானோ 32ஆம் கட்டில் இருக்கிறது. 1716இல் எழுதிய "யூதித்தா திரியும்ஃபான்ஸ்" என்ற பைபிள் கதைப் பாட்டு ஃபோவா 28ஆம் கட்டில். வெனிஸில் ஆதரவற்ற பெண்பிள்ளைகளை வளர்த்த பியெத்தா இல்லத்தில் அவர் வேலை பார்த்தார். யூதித்தா அந்தப் பெண்களுக்காக எழுதியது. தளபதி வேடம் உட்பட ஆண் பாத்திரங்களையும் அவர்களே பாடினார்கள்.

அச்சுப் புத்தகமா, அவரே கையால எழுதினதா?

கையெழுத்து. பெரும்பகுதி அவரே எழுதியது. சிலவற்றை அவருடைய அப்பாவும், வேறு சில எழுத்தர்களும் படியெடுத்திருக்கிறார்கள். கோயிலில் வைத்துக் கும்பிடும் ஏடு மாதிரி இதைக் கற்பனை செய்ய வேண்டாம். தையற்கடைக்காரர் வைத்திருக்கும் அளவு நோட்டு மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இது அவருடைய தொழில் கோப்பு. வாடிக்கையாளர் கேட்டால் இதைப் பார்த்துத்தான் படியெடுத்துக் கொடுப்பார்கள்.

தாள் குறுக்குவாட்டில் அகலமாக இருக்கும். பல முனை கொண்ட கருவியால் ஒரே இழுப்பில் சுரக் கோடுகள் போட்டிருப்பார்கள். அதன் மேல் சுரங்கள் வேகமாக, வலப்பக்கம் சாய்ந்து ஓடும். இரண்டாம் வயலின் முதல் வயலினையே பின்பற்றினால் அந்த வரியைக் காலியாக விட்டு ஒரு குறிப்பு மட்டும் போட்டுவிடுவார். பிடிக்காத இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கி அடித்துவிட்டுப் பக்கத்திலேயே தொடர்வார். "தீத்தோ மான்லியோ" என்ற ஓபராவின் தாளில் "விவால்டியின் இசை, 5 நாளில் செய்தது" என்று எழுதியிருக்கிறது. பெருமையா, அலுப்பா? நான் பெருமை என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால், எழுத்தர் படியெடுப்பதைவிட வேகமாகத் தன்னால் ஒரு கன்செர்ட்டோவை இயற்ற முடியும் என்று 1739இல் வெனிஸுக்கு வந்த பிரெஞ்சுப் பயணி சார்ல் தெ ப்ரோஸிடம் பீற்றிக்கொண்ட ஆள் அவர்.

அப்ப "ஃபோர் சீசன்ஸ்" ஒரிஜினல் அங்கதான இருக்கும்?

எல்லாரும் ஏமாறும் கேள்வி இது. இல்லை. "ஃபோர் சீசன்ஸ்" என்ற அந்த நாலு வயலின் கன்செர்ட்டோக்கள் அவர் கைப்பட எழுதிய வடிவில் எங்குமே கிடைக்கவில்லை. நாம் வாசிப்பது 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான பதிப்பிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நூலகத்தில் அந்தக் காலத்திலேயே கையால் படியெடுத்த தாள்கள் இருக்கின்றன. அவ்வளவுதான்.

உலகத்திலேயே அதிகம் கேட்கப்படும் அவருடைய இசைக்கு மூலப்பிரதி இல்லை, யாரும் கேட்டிராத பசூன் கன்செர்ட்டோவுக்கு அடித்தல் திருத்தலோடு இருக்கிறது. ஆவணக் காப்பகங்கள் நம் விருப்பம் பார்த்து எதையும் காப்பாற்றி வைப்பதில்லை.

சரி, ஆர்.வி.ன்னா என்ன?

பீட்டர் ரியோம் என்ற டென்மார்க் இசையாய்வாளர் 1970களில் போட்ட பட்டியலின் எண். "ரியோம் பட்டியல்" என்பதன் ஜெர்மன் சுருக்கம். அதற்கு முன்னால் பிரான்சில் ஒருவர், இத்தாலியில் இருவர் என்று ஆளுக்கொரு பட்டியல் போட்டிருந்ததால் ஒரே பீஸுக்கு நாலு எண் இருந்தது. பழைய இசைத்தட்டு உறைகளில் "பி", "எஃப்" என்று வேறு எழுத்துகள் இருந்தால் காரணம் இதுதான்.

இது எழுதிய கால வரிசை அல்ல. வாத்தியம், சுருதி என்று வகை பிரித்துப் போட்ட வரிசை. ஆர்.வி. 356ஐ 355க்கு அப்புறம் எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்குப் பட்டியல் 800ஐத் தாண்டிவிட்டது.

டூரின் தாள் கிடைக்கலைன்னா என் பொண்ணு வாசிக்கிற ஏ மைனரும் இருந்திருக்காதா?

இருந்திருக்கும். அது 1711இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான 12 கன்செர்ட்டோக்களில் ஆறாவது. அச்சானவை தொலையவே இல்லை, ஐரோப்பா முழுக்கப் பல நூலகங்களில் பிரதிகள் இருந்தன. தொலைந்ததாக நினைத்தது அச்சேறாதவற்றைத்தான்.

நல்லா விக்கிற ஆளு ஏன் எல்லாத்தையும் அச்சடிக்கல?

கையெழுத்துப் பிரதிக்கு அதிகக் காசு கிடைத்ததால். எட்வர்ட் ஹோல்ட்ஸ்வர்த் என்ற ஆங்கிலேயர் 1733இல் வெனிஸில் விவால்டியைச் சந்தித்துவிட்டு நண்பருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இனி எதையும் அச்சுக்குக் கொடுப்பதில்லை, அது கையெழுத்துப் பிரதி வியாபாரத்தைக் கெடுக்கிறது, பீஸ் ஒன்றுக்கு ஒரு கினி எதிர்பார்க்கிறேன் என்று விவால்டி சொன்னாராம். கினி என்பது அப்போதைய ஆங்கிலேயத் தங்க நாணயம்.

அச்சடித்தால் லாபம் பதிப்பாளருக்கு. படியெடுத்து விற்றால் லாபம் இவருக்கு. ஊர் சுற்றிப் பார்க்க வரும் பணக்கார ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் வாசலில் நின்று வாங்கிப் போவார்கள். வியாபாரமாகப் பார்த்தால் சரியான கணக்கு. ஆனால் அதனால்தான் பல படைப்புகள் ஒற்றைப் பிரதியாக, அவர் வீட்டு அலமாரியை மட்டும் நம்பி இருந்தன.

இவ்வளவு பெரிய ஆளை எப்படி சார் மறந்தாங்க?

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரிவது கொஞ்சம் கஷ்டம். நாம் 200 வருடத்துக் கீர்த்தனையை இன்று மாலைக் கச்சேரியில் எதிர்பார்க்கிறோம். அந்தக் கால வெனிஸில் ரசிகர்கள் எதிர்பார்த்தது புதுசு. ஒவ்வொரு பருவத்துக்கும் புது ஓபரா வேண்டும். போன பருவத்து இசை போன வருடத்து சினிமா போஸ்டர் மாதிரி. விவால்டிக்கு வயதான காலத்திலேயே நேப்பிள்ஸ் பாணி வந்து அவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. வாய்ப்புத் தேடி வியன்னா போனார், அங்கே வறுமையில் இறந்தார்.

19ஆம் நூற்றாண்டில் அவர் பெயர் திரும்ப வந்ததே ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் மூலமாகத்தான். பாக் தன் இளமையில் விவால்டியின் கன்செர்ட்டோக்களை ஆர்கனுக்கும், பியானோவுக்கு முந்தைய ஹார்ப்சிகார்டுக்கும் மாற்றி எழுதியிருந்தார். பாக்கை ஆராயப் போனவர்கள் "யார் இந்த விவால்டி?" என்று கேட்டார்கள். அப்போதும் கையில் இருந்தது அச்சானவையும் ஜெர்மனியின் டிரெஸ்டன் போன்ற சில இடத்துப் பிரதிகளும்தான். ஓபரா, தேவாலய இசை இரண்டும் அவர்களுக்கு ஏறக்குறைய வெற்றிடம்.

அவர் செத்தப்புறம் தாளெல்லாம் எங்க போச்சு?

இறந்து நாலு வருடத்துக்குள், 1745 வாக்கில், வெனிஸ் செனட்டர் யாக்கோப்போ சொரான்ஸோவின் நூலகத்தில் 27 கட்டுகளாக இருந்தன. அவரிடமிருந்து கனோனிச்சி என்ற பாதிரியாரிடம். அவரிடமிருந்து ஜெனோவாப் பிரபு ஜாக்கோமோ துராத்ஸோவிடம். இந்த துராத்ஸோ சாதாரண ஆள் இல்லை. வியன்னா அரச நாடக அரங்குகளை நிர்வகித்தவர், க்ளுக் என்ற இசையமைப்பாளரைத் தூக்கிவிட்டவர், 1764இலிருந்து 20 வருடம் வெனிஸில் ஆஸ்திரியத் தூதர். இசை தெரிந்தவர் கையில் போய்ச் சேர்ந்தது தாள்களின் அதிர்ஷ்டம்.

அவருக்குப் பின் குடும்பச் சொத்தாக ஜெனோவா போனது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டு சகோதரர்களுக்கு இடையே பாகம் பிரித்தார்கள். நிலத்தைப் பிரிக்கிற மாதிரி நூலகத்தையும் பிரித்தார்கள். 27 கட்டுகள் இரண்டு வீட்டுக்கு. இந்தப் பாகப்பிரிவினையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த இரண்டு பதில்களும் இதை வைத்துத்தான்.

ஏதோ மடத்துல பரண்ல கண்டுபிடிச்சாங்கன்னு படிச்சேனே?

"மடம்" என்றால் மலையுச்சியில் துறவிகள் மெழுகுவர்த்தி ஏந்தி நடப்பது போல் தோன்றுகிறது. அது ஒரு பள்ளிக்கூடம். பீட்மாண்ட் பகுதியில் போர்கோ சான் மார்த்தினோ என்ற ஊரில் சலேசிய சபை நடத்திய கல்லூரி. நம்மூரில் டான் பாஸ்கோ பள்ளிகளை நடத்துவது இதே சபைதான். டூரினில் தொடங்கிய சபை, 1906இல் தஞ்சாவூருக்கு வந்துதான் இந்தியாவில் கால் வைத்தது. சகோதரர்களில் ஒருவரான மார்செல்லோ துராத்ஸோ 1922இல் தன் பங்கு நூல்களை இந்தக் கல்லூரிக்கு விட்டுப்போனார்.

1926இல் கட்டடத்தை மராமத்துப் பார்க்கப் பணம் தேவைப்பட்டது. பழைய இசைத் தாள்களை விற்றால் என்ன தேறும் என்று டூரின் நூலகத் தலைவர் லூயிஜி தோர்ரியிடம் கேட்டார்கள். அவர் டூரின் பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு கற்பித்த ஆல்பெர்த்தோ ஜென்திலியைப் பார்க்கச் சொன்னார். பெட்டிகள் டூரினுக்கு வந்தன. திறந்தால் ஸ்ட்ராதெல்லா போன்றவர்களின் இசைக்கு நடுவே விவால்டி, 14 கட்டு.

இதைக் "கண்டுபிடிப்பு" என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. தாள்கள் புதைந்தோ மறைந்தோ கிடக்கவில்லை. 180 வருடமாக யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில், பைண்டு செய்து, எண் போட்டு இருந்தன. திறந்து வாசிக்கத் தெரிந்த ஆள்தான் வரவில்லை.

பாதிதான் இருக்குன்னு ஜென்திலிக்கு எப்படித் தெரிஞ்சது?

கட்டுகளின் எண் வரிசையில் ஓட்டை இருந்தது. வரிசை விட்டு விட்டு வந்தது. தொலைந்திருந்தால் ஏதோ ஒன்றிரண்டு குறையும், இப்படி ஒழுங்காகப் பாதி குறையாது. யாரோ பிரித்திருக்கிறார்கள் என்பது அவர் ஊகம்.

குடும்ப வரலாறுகளைத் தோண்டுவதில் கெட்டிக்காரரான ஃபவுஸ்தீனோ குர்லோ என்பவரை வைத்து துராத்ஸோ வம்சாவளியைத் தேடினார்கள். மற்ற சகோதரரின் வாரிசு, ஜூசெப்பே மரியா துராத்ஸோ என்ற முதியவர், ஜெனோவாவில் இருந்தார். மீதி 13 கட்டும் அவரிடம். அவர் லேசில் வழிக்கு வரவில்லை. ஒரு பாதிரியாரைத் தூதுவிட்டுப் பேசித்தான், பெட்டிகள் வந்து நாலு வருடம் கழித்து, 1930இல் விற்கச் சம்மதித்தார்.

ஃபோவா, ஜொர்டானோன்னு பேர் எப்படி வந்தது? ரெண்டு பேரும் இசைக்காரங்களா?

இரண்டு சிறு பிள்ளைகள்.

கல்லூரி விற்கத் தயார், ஆனால் நூலகத்திடம் பணம் இல்லை. வெளியே போனால் பழம்பொருள் வியாபாரிகள் கட்டுகளைப் பிரித்து ஆளுக்கொன்றாக விற்றுவிடுவார்கள். டூரினில் பங்குத் தரகராக இருந்த ரொபெர்த்தோ ஃபோவாவுக்கு மௌரோ என்ற மகன் சிறு குழந்தையாக இறந்திருந்தான். அவன் நினைவாக ஃபோவா வாங்கி 1927இல் நூலகத்துக்குக் கொடுத்தார். அதனால் முழுப்பெயர் "மௌரோ ஃபோவா தொகுப்பு". ஜெனோவாப் பங்கு விற்பனைக்கு வந்தபோது அவரிடம் மறுபடியும் கேட்க முடியவில்லை. அப்போது பிலிப்போ ஜொர்டானோ என்ற துணி ஆலைக்காரர் முன்வந்தார். அவருடைய மகன் ரென்ஸோ நாலு வயதில் இறந்திருந்தான். "ரென்ஸோ ஜொர்டானோ தொகுப்பு".

இது தற்செயலாக அமைந்த ஒற்றுமை, யாரும் ஜோடித்ததில்லை. இன்று ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் "ஃபோவா 28", "ஜொர்டானோ 32" என்று வரும்போதெல்லாம் வருவது அந்தப் பிள்ளைகளின் குடும்பப் பெயர்தான்.

ஜென்திலிக்கு நல்ல பேர் கிடைச்சுதா?

கிடைக்கவில்லை. அவர் யூதர். முசோலினி அரசு 1938இல் கொண்டுவந்த இனச் சட்டங்களால் பல்கலைக்கழக வேலை போயிற்று. முதல் கட்டுகளை வாங்கித் தந்த ஃபோவாவும் யூதர்தான். அடுத்த வருடமே விவால்டியை நாட்டின் பெருமையாகக் கொண்டாடினார்கள், இவர்கள் இருவரும் இல்லாமல்.

கிடைச்ச உடனே எல்லாரும் வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்களா?

கிடைத்ததற்கும் காதில் விழுந்ததற்கும் நடுவே நெடுங்காலம் போனது. 1939 செப்டம்பரில் சியெனா நகரில் விவால்டி வாரம் ஒன்று நடந்தது. இசையமைப்பாளர் ஆல்ஃப்ரெதோ காசெல்லா ஏற்பாடு. "குளோரியா" தற்காலத்தில் முதலில் ஒலித்தது அங்கேதான், அதுவும் காசெல்லா தன் விருப்பப்படி மாற்றியமைத்த வடிவில். இரண்டாம் உலகப் போர் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

முறையான வேலை போருக்கு அப்புறம்தான். 1947இல் அந்தோனியோ ஃபன்னா விவால்டி ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். மிலானின் ரிகோர்தி பதிப்பகம் அச்சடித்தது, இசையமைப்பாளர் மலிப்பியெரோ மேற்பார்வை. வாத்திய இசை முழுவதும் வந்து முடிய 1972 ஆயிற்று. 25 வருடம்! ஓபராக்களுக்கு இன்னும் தாமதம். 2000இல்தான் பிரெஞ்சு இசைத்தட்டு நிறுவனம் ஒன்று டூரின் தாள்கள் முழுவதையும் பதிவு செய்யும் வேலையைத் தொடங்கியது. உங்கள் போனில் ஓடும் நல்ல விவால்டி ஓபராப் பதிவுகளில் பல அதிலிருந்து வந்தவை.

கட்டுல இருக்கிறது எல்லாமே விவால்டி எழுதினதுதானே?

இல்லை, இங்கேதான் கவனம் வேண்டும். இது அவருடைய தொழில் கோப்பு என்று முன்னால் சொன்னேன் இல்லையா? தொழில் கோப்பில் அடுத்தவர் தாளும் இருக்கும். ஜொவான்னி மரியா ருஜ்யேரி என்பவர் 1708இல் எழுதிய "குளோரியா" ஒன்று இந்தக் கட்டுகளில் இருக்கிறது. ஆர்.வி. 589 "குளோரியா"வின் கடைசியில் கொயர் முழங்கி முடிக்கும் அந்தப் பெரிய ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் பகுதி) அதிலிருந்து எடுத்து மாற்றியமைத்தது. ஒருமுறை அல்ல, 588, 589 இரண்டிலுமே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்.

இதைச் சொன்னால் கொயர்காரர்கள் முகம் சுருங்கும். திருட்டு என்று இன்றைய கண்ணால் பார்க்க வேண்டாம். அன்று இது சகஜம். ருஜ்யேரி எழுதியதையும் விவால்டி அதைச் செய்திருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இவர் ட்ரம்பெட்டை உள்ளே விடும் இடம் தனி.

தாள்ல தேதி இல்லைன்னா எந்த வருஷம்னு எப்படிச் சொல்றாங்க?

தாளை வைத்தேதான். வெனிஸ் வட்டாரக் காகித ஆலைகள் மூன்று பிறை நிலாக்களை நீர்க்குறியாகப் போடும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். பிறையின் வடிவமும் கூட வரும் எழுத்துகளும் அச்சு வார்ப்புக்கு வார்ப்பு மாறும். அதோடு அந்தக் கோடு போடும் கருவி. பத்து வரியையும் சேர்த்துக் கோடு போட்ட கருவியின் இடைவெளி கருவிக்குக் கருவி மில்லிமீட்டர் கணக்கில் வேறுபடும். ஒரே இடைவெளி, ஒரே நீர்க்குறி என்றால் ஒரே கொள்முதல் தாள்.

பால் எவரெட் என்ற ஆய்வாளர் டூரின் தாள்களை இப்படி அளந்து வகைப்படுத்தினார். அரங்கேறிய வருடம் தெரிந்த ஓபராவின் தாளும் தேதியில்லாத கன்செர்ட்டோவின் தாளும் ஒத்துப்போனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம். மளிகைக்கடை நோட்டை வைத்து எந்த வருடத்துக் கணக்கு என்று சொல்வது மாதிரிதான்.

எனக்கு எல்லா கன்செர்ட்டோவும் ஒரே மாதிரி கேக்குதே?

வேகமான பகுதி, மெதுவான பகுதி, மறுபடி வேகம் என்ற சட்டகம் ஒன்றுதான். வர்ணம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்பவருக்கு என்ன பதில் சொல்வீர்களோ அதையே இதற்கும் சொல்லிக்கொள்ளுங்கள். மெதுவான பகுதிகளை மட்டும் பத்துக் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

இங்க உக்காந்துகிட்டே அந்தத் தாளைப் பார்க்க முடியுமா?

நிறையப் பார்க்கலாம். இலவச இசைத்தாள் தளமான ஐ.எம்.எஸ்.எல்.பி.யில் ஆர்.வி. எண் போட்டுத் தேடினால் பல படைப்புகளுக்குக் கையெழுத்துப் பிரதியின் நகலே கிடைக்கும். எந்த நூலகத்தில் எந்தப் பிரதி என்று தேட ஆர்.ஐ.எஸ்.எம். என்ற சர்வதேசப் பட்டியல் இருக்கிறது. அதில் டூரின் நூலகத்தின் குறி "ஐ-டிஎன்". முதலில் ஐ என்றால் இத்தாலி.

ஒரு யோசனை. பழக்கமான பீஸை முதலில் பார்க்காமல் ஏதாவது ஒரு மெதுவான பகுதியைத் திறந்து, கீழ் வரியை மட்டும் வாசித்துப் பாருங்கள். வரியின் தொடக்கத்தில் சுர இடத்தைக் காட்டும் கிளெஃப் குறி பழகிவிட்டால் அவர் கையெழுத்து அவ்வளவு கஷ்டமில்லை.

செத்து 280 வருஷத்துக்கு மேல ஆச்சு, காப்பிரைட் யாருக்கு இருக்கப் போகுது?

இசைக்கு யாருக்கும் இல்லை. ஆனால் இன்றைய ஆய்வாளர் ஒருவர் செப்பனிட்டு வெளியிட்ட பதிப்புக்கும், ஒலிப்பதிவுக்கும் உரிமை உண்டு. நூலகத்துத் தாளின் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த இத்தாலியச் சட்டப்படி அனுமதி கேட்க வேண்டும்.

இதில் ஒரு வம்பு வழக்கே நடந்தது. "மோத்தெசூமா" என்ற ஓபரா தொலைந்ததாக நினைத்திருந்தார்கள். டூரினில் அது இல்லை. பெர்லின் ஸிங்-அகாடமி என்ற பாடகர் சங்கத்தின் நூலகம் இரண்டாம் உலகப் போரில் உக்ரைனுக்குப் போய், கீவ் நகரிலிருந்து 2001இல் திரும்பியது. அந்தத் தாள்களுக்கு நடுவே ஸ்டெஃபன் ஃபோஸ் என்ற ஆய்வாளர் 2002இல் இந்த ஓபராவை அடையாளம் கண்டார். ஜெர்மன் சட்டப்படி, வெளிவராத பழைய படைப்பை முதலில் வெளியிடுபவருக்கு 25 வருட உரிமை உண்டு. அந்த உரிமை எங்களுக்கே என்று சொல்லி 2005இல் ட்யூஸல்டார்ஃபில் நடக்கவிருந்த நிகழ்ச்சிக்கு அகாடமி தடை கேட்டது. கடைசியில் 2009இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1733இல் வெனிஸில் மேடையேறியபோதே படியெடுத்து வெளியானதாகக் கொள்ள இடமிருக்கிறது, வெளியாகவில்லை என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. அச்சடிக்காமல் படியெடுத்தே விற்ற அந்தக் கால வியாபார முறை இங்கே வந்து வழக்கைத் தீர்த்ததைக் கவனியுங்கள்.

இன்னும் ஏதாவது கிடைக்க வாய்ப்பிருக்கா?

கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது, பெரும்பாலும் தப்பான பெயரில். டிரெஸ்டன் நூலகத்தில் கலுப்பி என்ற இசையமைப்பாளர் எழுதியதாகப் பட்டியலிட்டிருந்த "தீக்ஸித் தோமினுஸ்" என்ற தேவாலய இசை ஒன்று விவால்டியுடையது என்று 2005இல் ஆய்வாளர் ஜானிஸ் ஸ்டாகிட் கண்டறிந்தார். இப்போது அது ஆர்.வி. 807. பெயரை மாற்றி விற்றவர் வெனிஸில் படியெடுக்கும் கடை வைத்திருந்த பல்தான் என்ற பாதிரியார். அப்போது சந்தையில் கலுப்பிக்குத்தான் மவுசு, செத்துப்போன விவால்டியை யார் வாங்குவார்கள்?

தான் 94 ஓபரா எழுதியதாக விவால்டி 1739இல் ஒரு கடிதத்தில் சொல்கிறார். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் இன்று கையில் ஓரளவு முழுசாக இருப்பவை சுமார் 20தான்.

"கிரான் மொகோல்"னு ஒண்ணு இருக்காமே, அதுல நம்ம ராகம் ஏதாவது வருதா?

முதலில் இரண்டைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். "க்ரோஸோ மொகுல்" என்பது வயலின் கன்செர்ட்டோ, ஆர்.வி. 208, அவர் கைப்பிரதி டூரினில் இருக்கிறது. அந்தப் பெயர் அவருடைய தாளில் இல்லை, வேறொரு படியில் இருக்கிறது. அதன் மெதுவான பகுதியில் தாளக் கட்டில்லாமல் வயலின் தனியே பேசும். நம் காதுக்கு ஆலாபனை போலத் தோன்றும். அது ஓபராவில் வசனம் பாடும் முறை, ராகம் இல்லை. முகலாயப் பேரரசர் என்ற பெயர் அன்றைய வெனிஸில் தொலைதூரப் பகட்டைக் குறித்தது, அவ்வளவுதான்.

"இல் கிரான் மொகோல்" என்பது புல்லாங்குழல் கன்செர்ட்டோ, ஆர்.வி. 431ஏ. ஒரு டச்சுப் புத்தக வியாபாரியின் 18ஆம் நூற்றாண்டு விற்பனைப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்தது. 2010இல் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில், ஒரு பிரபுக் குடும்பத்தின் தாள்களுக்கிடையே ஆண்ட்ரூ வூலி என்ற ஆய்வாளர் அதைப் பார்த்தார். இரண்டாம் வயலினுக்கான தாள் மட்டும் இல்லை. இதே இசையை விவால்டி பின்னால் மாற்றி எழுதிய ஆர்.வி. 431 டூரின் கட்டில் இருந்தது, அதில் மெதுவான பகுதி இல்லை. டூரினை வைத்து எடின்பரோவின் குறையை நிரப்பினார்கள். அந்தப் பட்டியலில் இதோடு சேர்த்துச் சொல்லியிருந்த மற்ற மூன்று கன்செர்ட்டோக்கள் பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து பெயரில் இருந்தவை. அவை இன்னும் கிடைக்கவில்லை.